ஜெயில் முனியாண்டி

ஆடி மாதம், செவ்வாய் இரவு

காலையில் ஆள் கூப்பிடும் பெரட்டில் முன்னால் நின்றவர்கள்: ஜப்பான் அதிகாரி, கணக்கெழுதும் கிராணி தாமோதரன், ஆட்களை வேலை வாங்கும் மண்டோர் கோவிந்தன், என் மகன் முனியாண்டி, பக்கத்து வீட்டுச் சின்னப்பன், நான்.

ஸ்டோர் அரிசியை ஒரே சாக்கில் என் மகனும் சின்னப்பனும் சேர்ந்துதான் திருடினார்கள். சின்னப்பனைக் கன்னத்தில் அறைந்து, வீட்டுக்குப் போகச் சொல்லிவிட்டான் ஜப்பான்காரன். எஸ்டேட்டில் வேறு முனியாண்டிகளும் இருப்பதால் மண்டோர் வழக்கம்போல, "ஜெயில் முனியாண்டி, முன்னால வாடா" என்றான்.

ஜப்பான்காரனுக்கு ஜெயில் என்ற சொல் புரிந்துவிட்டது. என்ன விஷயம் என்று கிராணியிடம் மலாயில் கேட்டான். வெள்ளைக்காரன் காலத்தில் துரை வீட்டுக் கோழியைத் திருடி, சிரம்பானில் உள்ளே இருந்தவன் என்று கிராணி சொன்னான். அதற்காகவே என் மகனைச் சயாம் ரயில் வேலைக்கு லாரியில் ஏற்றிவிட்டார்கள். மாற்றுச் சட்டைகூட எடுக்க விடவில்லை. அங்கே போன யாரும் இன்னும் திரும்பவில்லை.

கோழிக்கு உண்டான தண்டனையை அவன் அப்போதே அனுபவித்தாயிற்று. அரிசிக்குச் சின்னப்பன் வாங்கிய அறைதானே இவனுக்கும்?

மண்டோர் சாயங்காலம் வந்து அழுதான். "வாய் பழகிப்போச்சு அக்கா." அவனை ஒன்றும் சொல்லவில்லை. எஸ்டேட்டே அப்படித்தானே கூப்பிட்டது.

கிராணி வீட்டுக்கு நானே போனேன். "சும்மா பட்டப்பேருன்னு சொல்லியிருக்கலாமே ஐயா."

"பொய் சொன்னா என் தலை போயிரும்மா. அதோட, அவன் திருட்டுப் பழக்கம் உள்ளவன்தானே?"

முதல் பேச்சோடு நிறுத்தியிருந்தால், பாவம், பயந்தவன் என்று விட்டிருப்பேன். அந்த இரண்டாவது பேச்சுக்கு, செத்தாலும் மன்னிக்க மாட்டேன், கிராணி தாமோதரனை.