முப்பிடாதி அப்ளிகேஷன் போட்ட வருஷம்

11 பிப்ரவரி 1951, ஞாயிறு

எண்ணெய் தேய்த்துக் குளித்தும் மூக்கிலிருந்து பஞ்சு போகவில்லை. ஜின்னிங் பாக்டரியில் எடை எழுதுகிற கிளார்க்குக்கு லீவு நாளிலும் தும்மல்தான்.

மத்தியானம் ஆறுமுகச்சாமி மாமா வந்தார். அம்மாவின் தம்பி. வீடு அடுத்த தெரு, அவருடைய கரிசல் காடு மட்டும் திருவேங்கடம் ஊர்ப் பக்கம். இலை முன்னால் உட்கார்ந்தவர் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். அம்மா என்னவென்று கேட்டதும், "பிள்ளை நர்ஸு படிப்புக்கு எழுதிப் போடணும்னு சொல்லுதாக்கா" என்றார்.

அம்மா குழம்புக் கரண்டியைக் கீழே வைத்தாள். "கண்டவன் மூத்திரச் சட்டியைத் தூக்கவா அவளை நான் மருமவளா எடுக்கப் போறேன்?"

முப்பிடாதி மாமாவுக்கு ஒரே மகள். பாளையங்கோட்டையில் ஹாஸ்டலில் தங்கி இன்டர்மீடியட் கடைசி வருஷம் படிக்கிறாள். நான் முறைமாப்பிள்ளை. அவள் தொட்டிலில் கிடக்கும்போதே எனக்கென்று பேசியது. வருகிற ஆவணியில் கல்யாணம் என்று அம்மா நினைத்திருக்கிறாள். என் சம்மதத்தை யாரும் கேட்டதில்லை. கேட்க வேண்டியும் இருந்ததில்லை, எனக்கு அவளைப் பிடிக்கும். டைரியில்தானே எழுதுகிறேன் — ரொம்பப் பிடிக்கும்.

மாமா போகும்போது வாசலில் என் கையைப் பிடித்துக்கொண்டார். "மாப்ளை, நீரு என்ன சொல்லுதீரோ அதான் முடிவு. நீரு சரின்னா அனுப்புதேன்."

நல்ல ஆள். தூக்க முடியாததைத் தூக்கி என் தலையில் வைத்துவிட்டுப் போய்விட்டார். நர்ஸாம்.

12 பிப்ரவரி

கோபம் ஆறவில்லை. எடையைத் தப்புத் தப்பாக எழுதி முதலாளியிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

4 மார்ச், ஞாயிறு

பருத்தி வரத்து ஆரம்பித்துவிட்டதால் இன்றும் வேலை. பத்து மணி இருக்கும், மாமாவும் முப்பிடாதியும் பாக்டரி வாசலில் வந்து நின்றார்கள். அப்ளிகேஷனில் உயரம், எடை எழுதி டாக்டர் கையெழுத்துப் போட வேண்டுமாம். டாக்டர் வீட்டு எடை மிஷின் ரிப்பேர். "பருத்தித் தராசில் நிறுத்துக்கொண்டு வா, போட்டுத் தாரேன்" என்றாராம்.

லோடுமேன்கள் எல்லாரும் பார்க்க, பொதி ஏற்றுகிற பலகையில் ஏறி நின்றாள். எண்பத்தெட்டு ராத்தல். தொண்ணூறுக்குக் கீழே இருந்தால் யோசிப்பார்கள் என்று ஹாஸ்டலில் யாரோ சொல்லியிருக்கிறார்கள். முகம் விழுந்துவிட்டது.

எனக்கு என்ன தோன்றியதோ, "ரெண்டு ராத்தல் கூடப் போட்டுக்கிடவா?" என்று கேட்டுவிட்டேன். இத்தனை நாளாக எரிந்துகொண்டிருக்கிறவன் கேட்கிற கேள்வியா இது?

"வேண்டாம் அத்தான். அங்கன போனா அவங்களும் நிறுத்துப் பாப்பாங்கல்லா. தின்னு ஏத்திக்கிடுதேன்."

காலேஜ் வடக்கே, காட்பாடியில் இறங்கிப் போக வேண்டுமாம். மற்ற ஆஸ்பத்திரிகளில் கொடுக்கிற சர்டிபிகேட் இல்லை, மதராஸ் யூனிவர்சிட்டி பட்டம். நாலு வருஷம். எடுப்பது இருபது, இருபத்தைந்து பேர். எழுதிப் போடுகிறவர்கள் பல நூறு. கல்யாணம் ஆனவர்களை எடுப்பதில்லை.

கடைசியில் சொன்னதுதான் எனக்காகச் சொன்னது என்று நினைக்கிறேன்.

மாமா முதலாளியிடம் பருத்தி விலை கேட்கப் போன சமயம், "அப்படி என்ன இருக்கு அதுல?" என்றேன். கொஞ்சம் முரட்டுத்தனமாகவே வந்தது.

போன வருஷம் ஹாஸ்டலில் ஒரு பெண்ணுக்கு டைபாய்டு வந்து இவள்தான் கூட இருந்தாளாம். ஈரத்துணி போடுவது, வாயைத் துடைப்பது, படுக்கையில் கிடக்கிறவளை அசங்காமல் புரட்டிச் சேலை மாற்றுவது எல்லாம் ஆஸ்பத்திரி நர்ஸ் வந்து சொல்லிக் கொடுத்தாளாம். "மூணு வாரம் அத்தான், ஒருநாகூட எனக்கு அலுக்கலை. கெமிஸ்ட்ரி புஸ்தகத்தைத் தொறந்தா அரை மணியில தூக்கம் வருது. அந்தப் பிள்ளை எந்திரிச்சு நடந்தப்போ, என்னமோ நானே நடக்கப் பழகின மாதிரி இருந்துச்சு."

அவள் என்னிடம் இவ்வளவு பேசியதே இல்லை. பேசியதும் இதைத்தானா பேச வேண்டும்?

11 மார்ச்

அம்மா வழி கண்டுபிடித்துவிட்டாள். எங்கள் ஊர்க் கோமதியம்மன் சந்நிதியில் பூக்கட்டிப் பார்ப்பது, இரண்டு இலைப் பொட்டலத்தில் ஒன்றை எடுப்பது. சிவப்பு வந்தால் கல்யாணம், வெள்ளை வந்தால் படிப்பு. மாமாவுக்கு அப்பாடா என்றிருந்தது, உடனே ஒத்துக்கொண்டார். எனக்கும்தான். அம்மன் சொல்லிவிட்டால் நான் சொல்ல வேண்டாமே.

பூவை நான்தான் கட்ட வேண்டுமாம். "அவனுக்குக் கள்ளத்தனம் பண்ணத் தெரியாது" என்று மாமாவிடம் சொன்னாள். பாராட்டா, வசவா?

15 மார்ச்

செவ்வரளியும் வெள்ளை நந்தியாவட்டையும் பறித்து வந்தாயிற்று. பிச்சிப்பூ என்றால் வாசனை காட்டிக் கொடுத்துவிடும்.

வாழை இலைத் துண்டுகளை முன்னால் போட்டுக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். இரண்டிலும் அரளியை வைத்துக் கட்டினால் யாருக்குத் தெரியப் போகிறது? இரண்டிலும் நந்தியாவட்டையை வைத்தாலும் தெரியாது. இந்தப் பக்கமும் மனசு போகிறது, அந்தப் பக்கமும் போகிறது. கடைசியில் அதில் ஒன்று, இதில் ஒன்று என்று ஒழுங்காகவே கட்டினேன். அம்மா என்னைச் சரியாகத்தான் எடை போட்டிருக்கிறாள்.

16 மார்ச், வெள்ளி

சிவப்பு.

சந்நிதியில் யாரோ ஒரு வீட்டுச் சின்னப் பிள்ளை எடுத்துக் கொடுத்தது. அம்மா பிரித்தாள். அரளியைப் பார்த்ததும் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். மாமா என்னைப் பார்த்துச் சிரித்தார். பரீட்சைக்குப் படிப்பதை விட்டுவிட்டு இதற்காகவே பாளையங்கோட்டையிலிருந்து வந்திருந்தாள் முப்பிடாதி. அழுவாள் என்று நினைத்தேன். விழுந்து கும்பிட்டாள், குங்குமம் வாங்கி இட்டுக்கொண்டாள், "பஸ்ஸுக்கு நேரமாச்சுப்பா" என்றாள். அவ்வளவுதான்.

அம்மா பாயசம் வைத்தாள். நான் இரண்டு டம்ளர் குடித்தேன். சந்தோஷமாகத்தான் இருந்தது, இல்லையென்று எழுதினால் பொய்.

17 மார்ச்

இன்று அந்தச் சந்தோஷத்தைக் காணோம்.

21 மார்ச்

மாமா வந்து அப்ளிகேஷனை என்னிடமே கொடுத்துவிட்டுப் போனார். கிழிக்க அவருக்கு மனசு வரவில்லையாம். எல்லாம் எழுதி முடித்திருக்கிறாள், தகப்பனார் கையெழுத்து மட்டும் பாக்கி. எடை என்ற இடத்தில் எண்பத்தெட்டு என்றே எழுதியிருக்கிறாள். மாசக் கடைசிக்குள் போய்ச் சேர வேண்டும்.

ஏன்தான் என்னிடம் கொடுத்தாரோ.

25 மார்ச், ஞாயிறு

அம்மாவோடு சண்டை. சண்டை என்றால் நான் மட்டும்தான் கத்தினேன்.

"முப்பிடாதி எழுதிப் போடட்டும்" என்றேன். அம்மா நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "அம்மன் வாக்குக் குடுத்தாச்சு, பேசாமப் போலே" என்றாள்.

"கல்யாணம்னுதான வாக்குக் குடுத்தா? எப்பன்னு சொன்னாளா?"

எனக்கே தெரியாது அப்படி ஒரு பேச்சு என் வாயில் இருக்கிறதென்று. வந்த பிறகு நிறுத்த முடியவில்லை. "எம்மா, இந்த ஊர்ல பிறந்துட்டு இது தெரியாதா ஒனக்கு? கோமதி ஆடியில தபசு நிக்கா. திருக்கல்யாணம் எப்ப? ஐப்பசியிலல்லா! தபசை முடிக்காம அவ தாலி கட்டிக்கிட்டாளா? எவனாவது போயி, தபசு போதும் இறங்கி வாட்டின்னு சொன்னானா? இவளும் நிக்கட்டும். முடிச்சுட்டு வரட்டும். நான் எங்கன போயிருவேன்?"

அம்மா முறத்தில் இருந்த அரிசியையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, "எந்த ஐப்பசிலே?" என்றாள்.

"நாலு கழிச்சு."

"நான் இருப்பனா?"

அப்பா போனபிறகு இந்த வீட்டில் ஒரு மேளச்சத்தம் கேட்க வேண்டும் என்று அம்மாவுக்கு இருக்கிறது. தெரிந்துதான் கத்தினேன். எனக்கும் வருத்தமாகத்தான் இருந்தது.

சாயங்காலம் தனியாகக் கோயிலுக்குப் போனாள். திரும்பி வந்து சேலை மாற்றிக்கொண்டே சொன்னாள்: "மாமாவைக் கையெழுத்துப் போடச் சொல்லு. நாளைக்கே தபால்ல சேத்துரு."

அம்மனிடம் என்ன கேட்டாள், என்ன கிடைத்தது, ஒன்றும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

26 மார்ச்

ரிஜிஸ்டர் தபாலில் அனுப்பினேன். திரும்பி வரும்போது போஸ்ட் மாஸ்டரிடம் கேட்டுத் திரும்ப வாங்கிவிடலாமா என்று ஒரு நினைப்பு. நல்லவேளை, வாங்கவில்லை.

22 மே

நேர்முகத்துக்கு வரச் சொல்லிக் கடிதம் வந்துவிட்டது. மாமா மதுரைக்கு வடக்கே போனதில்லை. "நீரும் கூட வாரும் மாப்ளை" என்கிறார்.

6 ஜூன், புதன்

சத்திரத்தில் இருந்து எழுதுகிறேன். ரயில் முழுக்க முப்பிடாதி வாழைப்பழமாகத் தின்றுகொண்டு வந்தாள். இங்கே நிறுத்துப் பார்த்ததில் தொண்ணூற்று ஒன்று. மாமாவுக்குப் பரீட்சையே பாஸான மாதிரி இருந்தது.

எண்பது பெண்கள் வந்திருக்கிறார்கள். முக்கால்வாசிப் பேர் இங்கிலீஷில் சிரிக்கிறார்கள். மூன்று நாளாக எழுத்துப் பரீட்சை, பேச்சு, வார்டில் கொண்டுபோய் நிற்க வைத்துப் பார்ப்பது. வார்டில் ஒரு பெண் மயங்கி விழுந்ததாம். "நீ?" என்றார் மாமா. "எனக்குப் பசிச்சுது" என்றாள்.

இன்று கடைசி. நாங்கள் மரத்தடியில் காத்திருக்கும்போது பியூன் வந்து, "முப்பிடாதியோட வந்த மாப்பிள்ளை யாரு?" என்று கேட்டான். எழுந்து அவன் பின்னால் போனேன்.

உள்ளே பெரிய அம்மாள், வெள்ளைக்காரி. நம்மைவிடச் சுத்தமாகத் தமிழ் பேசுகிறாள். முப்பிடாதி சுவரோரம் நின்றாள். கல்யாணம் பேசியிருக்கிறதா என்று கேட்டதற்கு ஆமாம் என்று உண்மையைச் சொல்லியிருக்கிறாள். இவளுக்கும் கள்ளத்தனம் வராது.

"நான்கு வருடம். நீர் காத்திருப்பீரா?"

"இருப்பேன்" என்றேன். அது சுலபம். அம்மாவிடமே சொல்லிப் பழகியிருந்தேன்.

"நல்லது. படித்து முடித்தபின், இவள் உம்மைத் திருமணம் செய்ய மனமில்லை என்றால்?"

அதை நான் யோசித்ததே இல்லை. சத்தியமாக யோசித்ததில்லை. தபசு, ஐப்பசி என்று எவ்வளவு பேசினேன்! அந்தப் பேச்சு முழுக்க அவள் திரும்பி என் வீட்டுக்கு வருவாள் என்பதில்தான் நின்றுகொண்டிருந்தது. முப்பிடாதி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அது அவ இஷ்டம்" என்றேன்.

அந்த அம்மாள் ஏதோ எழுதிக்கொண்டு, போகலாம் என்றாள். வெளியே வந்து குழாயில் தண்ணீர் குடித்தேன்.

8 ஜூன்

வீடு வந்து சேர்ந்தோம். ரயிலில் மாமா தூங்கும்போது, "ஏன் அப்படிச் சொன்னீக அத்தான்?" என்று கேட்டாள். "வேற என்ன சொல்ல?" என்றேன். ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். கரித்தூள் விழுகிறது, தலையை உள்ளே எடு என்று சொல்ல நினைத்ததோடு சரி.

அம்மாவிடம் அந்தக் கேள்வியைப் பற்றி மூச்சு விடவில்லை.

15 ஜூன்

தபால் இல்லை.

19 ஜூன்

இன்டர்மீடியட் பாஸ். கெமிஸ்ட்ரியில் தப்பித்தாள். காலேஜிலிருந்து இன்னும் தபால் இல்லை. கிடைக்காமல் போகட்டும் என்று ஒரு நிமிஷம் நினைத்தேன். முழுசாக ஒரு நிமிஷம்கூட இருக்காது.

25 ஜூன், திங்கள்

எடுத்துவிட்டார்கள்.

மாமா கடிதத்தைப் பாக்டரிக்கே கொண்டுவந்துவிட்டார். கண்ணைத் துடைத்துக்கொண்டே லோடுமேன்களுக்கெல்லாம் காப்பி வாங்கிக் கொடுத்தார். வீட்டுக்குப் போனால் அம்மா தெருவில் நின்று சொல்லிக்கொண்டிருக்கிறாள்: "அத்தனை பேர்ல எங்க மருமவளைத்தான் எடுத்திருக்காவ." மூத்திரச் சட்டி என்று பேசிய அதே வாய். சிரிப்பு வந்தது. மருமவ என்ற வார்த்தையில் மட்டும் கொஞ்சம் சுருக்கென்றது.

8 ஜூலை, ஞாயிறு

ரயில் ஏற்றிவிட்டு வந்தோம். "உடம்பைப் பாத்துக்கோ" என்றேன். "நீங்க மூக்குல துணி கட்டிக்கிட்டு வேலை பாருங்க, பஞ்சு நெஞ்சுக்கு ஆகாது" என்றாள். இன்னும் போய்ச் சேரவில்லை, அதற்குள் நர்ஸ்.

14 அக்டோபர்

மாமாவுக்குக் கடிதம். ஐந்து மணிக்கு எழுப்பிவிடுகிறார்களாம், அம்பது படுக்கை விரித்து இடுப்பு விட்டுப் போச்சாம், சந்தோஷமாக இருக்கிறாளாம். அம்மாவை விசாரித்திருக்கிறாள். அத்தானுக்கு வணக்கம் என்று ஒரு வரி.

"நீ ஒரு கடுதாசி போட்டு, கல்யாணத்தைப் பத்தி என்ன நினைக்கான்னு கேளேம்லே" என்கிறாள் அம்மா. எழுத உட்கார்ந்தேன். மழை பெய்கிறது, நாங்கள் சௌக்கியம் என்று எழுதி ஒட்டிவிட்டேன். அவள் இஷ்டம் என்று சொல்லிவிட்டு நாலு மாசத்தில் போய்க் கேட்பதா? கேட்கமாட்டேன்.

26 டிசம்பர், புதன்

லீவுக்கு வந்திருக்கிறாள். நகத்தை ஒட்ட வெட்டியிருக்கிறாள், கை சொரசொரத்துப் போயிருக்கிறது, பேச்சு மட்டும் நிமிர்ந்திருக்கிறது. இன்று மத்தியானம் எல்லாரும் இங்கேதான் சாப்பாடு.

சாப்பிட்டு முடித்ததும் மாமா, "அங்கன என்னதான் படிச்ச, காட்டு பாப்போம்" என்றார். நாடி பார்க்கக் கற்றுக் கொடுத்திருக்கிறார்களாம். கைக்கடிகாரத்தைக் கழற்றி எதிரே வைத்துக்கொண்டு மாமாவின் மணிக்கட்டைப் பிடித்தாள். உதடு அசையாமல் எண்ணி, எழுபத்தாறு என்றாள். அம்மா கூச்சத்தோடு கையை நீட்டினாள். எண்பது. "நல்லா இருக்கீக அத்தை."

பிறகு என் பக்கம் திரும்பி, "கையைக் குடுங்க" என்றாள்.

எல்லார் முன்னாலும். இதுவரை அவள் விரல் என்மேல் பட்டதில்லை. அம்மாவைப் பார்த்தேன். அம்மா வெற்றிலையைத் துடைத்துக்கொண்டிருந்தாள், ரொம்பக் கவனமாக. கையைக் கொடுத்தேன்.

கடிகாரத்தைப் பார்த்து எண்ண ஆரம்பித்தாள். பாதியில் நின்றுவிட்டாள். "விட்டுப் போச்சு" என்றாள். மறுபடி எண்ணினாள். மறுபடியும் விட்டுப் போனது.

"எங்க ரெண்டு பேருக்கும் ஒழுங்கா எண்ணினியே" என்றார் மாமா.

அவள் காது மடல் சிவந்திருந்தது. விரலைச் சரியாக வைத்துக்கொண்டு, மூன்றாவது தடவை முதலிலிருந்து ஆரம்பித்தாள். நான் கையை எடுக்கவில்லை.