சுவரை உதைத்துத் திரும்பியவருக்கு

அக்கா,

இன்று காலை பேருந்தில் என் பக்கத்தில் இருந்த அம்மாள் மூக்கைச் சுளித்துக்கொண்டு, "ஏனுங்க, பினாயில் கம்பெனியில வேலைங்களா?" என்று கேட்டார். குளத்துக் குளோரின் வாடை. எத்தனை முறை அலசினாலும் என் முடியை விட்டுப் போவதில்லை. நீங்கள் இருந்திருந்தால் அங்கேயே வெடித்துச் சிரித்திருப்பீர்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. நீங்கள் போன பிறகு எனக்குச் சட்டென்று வருவது கோபம்தான்.

சேலத்து நீச்சல் குளத்தில், பெண்களுக்கென்று ஒதுக்கிய காலை நேரத்தில்தான் நாம் பழகினோம். நீங்கள் ஜவுளிக்கடை வீட்டு மருமகள். நான் திருச்செங்கோட்டிலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்த கணக்கு டீச்சர். இருவருமே நாற்பதைத் தாண்டித்தான் நீந்தக் கற்றோம். முழுக்கை, முழுக்கால் நீச்சலுடையில் நீங்கள் வரும்போது சிலர் முறைத்துப் பார்ப்பார்கள். "பாக்கட்டும், கண்ணு வலிச்சா அவங்களே நிறுத்திக்குவாங்க" என்று சொல்லிக்கொண்டே இறங்கிவிடுவீர்கள்.

ஃபிளிப் டர்ன் சொல்லித் தரும்படி கோச்சிடம் கேட்டோம். "உங்க வயசுக்குச் சுவத்தத் தொட்டுத் திரும்பினாப் போதும்மா" என்றார். அந்தப் 'போதும்' உங்களைச் சுட்டுவிட்டது. "வீட்லயும் எனக்கு இதத்தான் சொல்றாங்க" என்றீர்கள். அன்றே நாமாக ஆரம்பித்தோம்.

சுவரை நெருங்கும்போது தலையை மடித்து, தண்ணீருக்குள் குட்டிக்கரணம் அடித்து, காலால் சுவரை உதைத்துத் திரும்ப வேண்டும். எனக்கு மூக்கில் தண்ணீர் ஏறி நெற்றிவரை எரிந்தது. நீங்கள் ஒருமுறை கோணலாக உதைத்து, பக்கத்து வரிசையில் நீந்திய கல்லூரிப் பெண்ணின் வயிற்றில் போய் முட்டினீர்கள். மூக்கு வழியாக மெல்ல மூச்சை விட்டுக்கொண்டே சுழன்றால் தண்ணீர் ஏறாது என்று நான் கண்டுபிடித்தேன். சுவரைப் பார்க்காமல் தரையின் கறுப்புக் கோட்டைப் பார்த்துச் சுழலவேண்டும் என்று நீங்கள் கண்டுபிடித்தீர்கள். உங்களுக்குத்தான் முதலில் கைவந்தது.

மார்கழியில் ஒரு நாள் நடுக்குளத்தில் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டீர்கள். உதடு வெளுத்திருந்தது. டர்னுக்கு மூச்சை அடக்குவதால்தான் என்று நினைத்தோம். டர்ன் போடாத நாட்களிலும் அப்படியே ஆனது. "டாக்டரப் பாருங்கக்கா" என்றேன்.

"எங்க வீட்டுக்காரருகிட்ட சொன்னேன் புள்ள. தண்ணியில குதிச்சா மூச்சு வாங்கத்தான் செய்யும், நாளையிலேர்ந்து போகாதேன்னுட்டாரு."

உங்களுக்குக் கிடைத்த வைத்தியம் அவ்வளவுதான். குளத்துக்கு வருவது நின்றது. மாடிப்படி ஏறினாலே இளைக்கிறது என்று போனில் சொன்னீர்கள். உங்கள் வீட்டுக்காரரையே கூப்பிட்டுப் பேசினேன். "டீச்சரம்மா, எங்க வீட்டு விஷயத்த நாங்க பாத்துக்கறோம்" என்று வைத்துவிட்டார். கோடை முடியுமுன் இதய வால்வு பழுதாகி, ஆஸ்பத்திரியில் சேர்த்த அன்றே போய்விட்டீர்கள். "கொஞ்சம் முன்னாடியே வந்திருந்தாக் காப்பாத்தியிருக்கலாம்" என்று டாக்டர் சொன்னதை உங்கள் மகள்தான் அழுதுகொண்டே என்னிடம் சொன்னாள்.

நான் துக்கம் கேட்க உங்கள் வீட்டுக்கு வந்தபோது உங்கள் நாத்தனார் எல்லார் முன்னாலும், "அந்தக் குளத்துல போய்ப் பொரண்டு பொரண்டுதான் நெஞ்சு கெட்டுப்போச்சு" என்றார். உங்கள் வீட்டுக்காரர் வாசற்படியில் நின்று தலையாட்டினார். எனக்குப் பொறுக்கவில்லை. "அவங்க நெஞ்சு கெட்டிருக்குதுன்னு அந்தக் குளந்தானுங்க சொல்லுச்சு. நீங்கதான் கேக்கல" என்றேன். அதன் பிறகு அந்த வீட்டுப் பக்கம் நான் போகவில்லை.

இப்போது எனக்கும் டர்ன் பழகிவிட்டது. யோசிக்காமலே உடம்பு சுழல்கிறது. முதன்முதலாக அப்படி வந்த நாளில் தலையைத் தூக்கிப் பார்த்தேன். கோச் போனில் பேசிக்கொண்டிருந்தார். சொல்லிக்கொள்ள வேறு ஆளில்லை.

போன மாதம் புதிதாகச் சேர்ந்த ஒரு பெண் நீந்த முடியாமல் மூச்சிரைத்து நின்றாள். கேட்டால், கொஞ்ச நாளாகவே இப்படித்தானாம். ஈரத்தலையோடு வெளியே வந்தேன். அவள் கணவன் வாசலில் வண்டியில் காத்திருந்தான். "நாளைக்கே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போறீங்களா, இல்ல நான் கூட்டிட்டுப் போகட்டுங்களா?" என்றேன்.

"நீங்க யாருங்க இதைக் கேக்கறதுக்கு?"

"கூட நீந்தறவ."

முறைத்தான். ஆனாலும் மறுநாள் கூட்டிக்கொண்டு போனான். ரத்தச்சோகையாம், மாத்திரை கொடுத்திருக்கிறார்கள். நேற்று அவள் வந்து, "இப்பப் பரவாயில்லீங்கக்கா" என்று சிரித்தாள். நானும் சிரித்தேன். அவள் தண்ணீரில் இறங்கியதும் உங்கள் வீட்டுக்காரர் மேல் எனக்கிருந்த கோபம் முன்னைவிடக் கூடிப்போனது. ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போவது ஒரு காலை நேரத்தில் முடிகிற காரியம்தானே அக்கா.