இரண்டிலும் வெள்ளை அலரி

என் ராசாத்தி தவத்துக்கு,

உம்மைப் பறிகொடுத்த இந்த வீட்டில் பிள்ளையார் படத்துக்கு இப்போது எங்கள் மகள் வாணிதான் விளக்குக் கொளுத்துகிறாள். நான் வழக்கம்போலப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்கிறேன். கடவுள் இல்லை என்பதில் எனக்கு இன்றும் மாற்றமில்லை, தவம். அதுதான் இப்போது பெரிய கரைச்சல், பெரிய தொந்தரவு.

வயிற்றுக் கட்டியை வெட்டக் கொழும்புக்குப் போகச் சொல்லி டொக்டர் சொன்னபோது, இந்தச் சண்டைக் காலத்தில் கிளாலிக் கடலை வள்ளத்தில் கடந்தால் நேவிக்காரர் சுடுவார்கள் என்று நீர் பயந்தீர். "வாணியின்ரை அப்பா, பிள்ளையாருக்கு முன்னாலை இரண்டு பொட்டலத்திலை பூக்கட்டி, ஒண்டை எடுத்துப் பாப்பம். வெள்ளை வந்தால் போவம், சிவப்பெண்டால் விடுவம்" என்றீர். "உம்மடை பிள்ளையார் எந்த ஆசுப்பத்திரியிலை வேலை செய்யிறார்?" என்று நக்கலடித்தேன். பிறகு நானே கட்டித் தருகிறேன் என்றதும் உமக்கு வந்த சந்தோசம்! "அப்பாடா, இப்பவாவது புத்தி வந்துதே" என்று சிரித்தீர்.

தவம், அந்த இரண்டு பொட்டலத்திலும் நான் வெள்ளை அலரியைத்தான் வைத்துக் கட்டினேன்.

நீர் ஒன்றை எடுத்தீர். மற்றதைப் பிரித்துப் பார்க்கவேயில்லை. அவ்வளவு நம்பிக்கை. வள்ளத்தில் நான் பலகையை இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தபோது, "வெள்ளையெல்லே வந்தது, ஏன் பயப்பிடுறியள்?" என்று என்னைத் தேற்றினீர். நடுக்கடலில் நேவிக்காரர் சுட்டார்கள். உமக்குத்தான் வெடி பட்டது.

முப்பத்தோராம் நாள் உம்முடைய அந்தியேட்டிக்கு வந்த சனமெல்லாம் "பிள்ளையார் தன்னட்டைக் கூப்பிட்டிட்டார்" என்றது. அவருக்கு இதில் ஒரு பங்கும் இல்லை என்று எப்படிச் சொல்வேன்? அவர் இருந்திருந்தால் சண்டை பிடித்தாவது அழுதிருப்பேன். போகாமல் விட்டிருந்தால் கட்டியே உம்மைக் கொண்டுபோயிருக்கும் என்று மூளை சொல்கிறது. மனம் கேட்டால்தானே! மனிதன் தன் முடிவைத் தானே எடுக்கவேண்டும் என்று வாசிகசாலையில் தொண்டை கிழியக் கத்தினவன் நான். உமக்கு முடிவெடுக்க என்ன விட்டுவைத்தேன்?

இப்போது வாணிக்குக் கொழும்பில் படிக்க இடம் கிடைத்திருக்கிறது. அதே கடல். இன்று காலை வெள்ளையும் சிவப்புமாக இரண்டு அலரிப்பூவோடு வந்து நின்றாள். "அப்பா, அம்மாவுக்குக் கட்டின மாதிரி எனக்கும் கட்டித் தாங்கோ. என்ன வந்தாலும் கேப்பன்." போ என்று சொல்லவும் பயம், நில் என்று சொல்லவும் பயம். பூ மேசையில் வாடிப்போய்க் கிடக்கிறது. நான் என்னதான் செய்ய?

கட்டமாட்டேன், தவம். நாளை அவளைப் பக்கத்தில் இருத்தி, உமக்குச் செய்ததைச் சொல்லுவேன். பிறகு போவதோ நிற்பதோ அவள் முடிவு. இது உமக்குத் தரும் வாக்கு. அதற்குப் பிறகு அவள் என்னை என்னவென்று கூப்பிடுவாளோ, தெரியாது.

இன்றைக்கு மட்டும்,
வாணியின் அப்பா