என் உறைகளில் உன் குறி

அடி கோமதி, என் கண்ணே,

நலமா என்று உன்னைக் கேட்க முடியாது. எனக்குத்தான் இருப்புக் கொள்ளவில்லை. நாளை வெள்ளிக்கிழமை. வளைகுடாவில் நமக்கு வேலை தருவதாகச் சொன்ன ஹோட்டலுக்கு, வருகிறேன் என்றோ வரவில்லை என்றோ நாளைக்குள் சொல்லியாக வேண்டும். காலையிலிருந்து மூன்று முறை போனை எடுத்தேன், மூன்று முறையும் வைத்துவிட்டேன். நீ இருந்தால், "காலை ஆட்டாதடி, கட்டிலே ஆடுது" என்று முட்டியில் ஒரு தட்டுத் தட்டியிருப்பாய்.

நீ போன பிறகு நடந்ததைச் சொல்கிறேன், கேள். காளி பூஜை முடிந்த வாரம் டெங்கு உன்னைக் கொண்டுபோனது. அடுத்த வாரமே அங்கே சண்டை தொடங்கிவிட்டது. நாம் இரண்டு பேரும் ஒரே அறையில் தங்கி வேலை பார்க்கப்போவதாக இருந்தோமே, அந்த ஊரில்தான். அங்கிருந்து கப்பல் வராததால் இங்கே கேஸ் வரத்து நின்றது. டாலிகஞ்சில் என் அப்பா முறுக்குச் சட்டியைக் கவிழ்த்து வைத்துவிட்டார். கிடர்பூரில் நம் சலவைத் தொழிற்பள்ளியின் பாய்லரும் அணைந்தது. பாய்லர் இல்லாமல் ஸ்டீம் பிரஸ் ஏது, பரீட்சை ஏது? பள்ளியைப் பூட்டிவிட்டார்கள்.

போன வாரம்தான் திறந்தார்கள். எங்கிருந்தோ நான்கு சிலிண்டர் கிடைத்ததாம். ஒரே நாளில் எல்லோருக்கும் கடைசிப் பரீட்சை. ஆளுக்கு இருபது தலையணை உறை, அரை மணி நேர ஆவி. தப்புச் செய்தால் மறுபடி செய்ய வழியில்லை என்று நம் ஆசிரியை மிதாலிதி முதலிலேயே சொல்லிவிட்டார். சான்றிதழ் இல்லாமல் ஹோட்டல்காரனும் எடுக்கமாட்டான்.

நம் வகுப்பு வழக்கம் உனக்கு மறந்திருக்காது. துணி மிஷினுக்குள் போகும்முன் மூலையில் சிவப்பு நூலால் அவரவர் குறியைத் தைக்க வேண்டும். ஆனால் தன் குறியைத் தானே தைக்கக் கூடாது, பக்கத்தில் இருப்பவர்தான் தைத்துத் தர வேண்டும். தன் தையலில் உள்ள பிழை தன் கண்ணுக்குப் படாது என்பது மிதாலிதியின் சட்டம். என் குறியான மூன்று கோடுகளை எப்போதும் நீதான் தைத்தாய். உன் பெருக்கல் குறியை நான் தைத்தேன். அன்று எல்லோரும் ஜோடி ஜோடியாக உட்கார்ந்தார்கள். எனக்கு ஆள் இல்லை. "நீயே தைத்துக்கொள்" என்றார் மிதாலிதி, என் முகத்தைப் பார்க்காமல்.

குனிந்து தைத்தேன். பக்கத்து மேசையில் ருக்சானாவின் போனில் சண்டைச் செய்தி ஓடிக்கொண்டிருந்தது. காது அங்கே, கை இங்கே. துவைத்தேன், உலர்த்தினேன், பிரஸ்ஸில் கொடுத்து மடித்து அடுக்கினேன். ஒரு சுருக்கம் இல்லை, உன்மேல் சத்தியமாக. மிதாலிதி மேலே இருந்த உறையின் மூலையைத் திருப்பினார். "எட்டா கார்?" என்றார். இது யாருடையது என்று கேட்க என்ன இருக்கிறது என்று எட்டிப் பார்த்தேன். இருபதிலும் உன் குறி.

ஆறு மாதமாக என் கை தைத்தது அது ஒன்றைத்தானே? பட்டியலில் உன் பெயரை மையால் அடித்திருந்தார்கள். ஆனால் குறியைப் பார்த்தால் நீ பாஸ், நான் ஃபெயில். முதலில் சிரிப்புத்தான் வந்தது. அப்புறம் நின்ற இடத்திலேயே ஓவென்று அழுதுவிட்டேன்.

மிதாலிதி இடுப்பில் செருகியிருந்த சின்னக் கத்தரியை எடுத்து என் மேசையில் வைத்தார். சாயா குடித்துவிட்டு வருகிறேன், அரை மணி ஆகும் என்றார். இரண்டே வாயில் கிளாஸைக் காலி செய்கிற மனுஷி!

உன் குறியை ஒவ்வொன்றாகப் பிரித்தேன். இது கைப்பழக்கம்தானா, அல்லது ஃபெயிலானால் அந்த ஊருக்குப் போக வேண்டாமே என்று மனசு செய்த வேலையா? இன்னும் எனக்குத் தெரியவில்லை. என் மூன்று கோட்டை முதல்முறையாக நானே தைத்தேன். கோணல்மாணலாக வந்தது. பக்கத்தில் உன் நூல் இருந்த ஓட்டைகள் அப்படியே தெரிந்தன. மிதாலிதி திரும்பி வந்து, எல்லாவற்றையும் தடவிப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.

மறுநாளே ஏஜென்ட் கூப்பிட்டான். விமானம் மறுபடி போகிறதாம். பழைய ஆட்கள் பயந்து ஊர் திரும்பிவிட்டார்களாம், உடனே ஆள் வேண்டுமாம். ருக்சானா சரி என்றுவிட்டாள். நான் வெள்ளிக்கிழமைக்குள் சொல்கிறேன் என்று தள்ளிப்போட்டேன். ஆனால் இது உன் ஆசையாயிற்றே, நீ இல்லாவிட்டாலும் நிறைவேற்ற வேண்டாமா என்று என்னையே அதட்டிக்கொண்டு, இன்று மத்தியானம் உன் அம்மாவிடம் சொல்லப் போனேன்.

அம்மா கட்டிலுக்கு அடியிலிருந்து உன் நீலப் பெட்டியை இழுத்து வைத்தார். "புதுசா வாங்கினது, அப்படியே கெடக்கு. நீ எடுத்துட்டுப் போ தேவி" என்றார். பெட்டியின் பிடியைத் தொட்டதும் வாயிலிருந்து வந்துவிட்டது: "அம்மா, எனக்குப் பயமா இருக்கு. அவ ஆசைப்பட்டாளேன்னுதான் நான் வரேன்னேன்."

உன் அம்மா பெட்டியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். "அவ எங்கடி ஆசைப்பட்டா? வீட்டை விட்டுப் போகணுமேன்னு தினமும் அழுதா. தேவிதான் துடிக்கிறா, அவளைத் தனியா எப்படிம்மா அனுப்புறதுன்னா. உங்கிட்ட மூச்சு விடக்கூடாதுன்னு சத்தியம் வேற வாங்கினா."

கோமதி, உன்னை நாலு சாத்துச் சாத்த வேண்டும் போல் இருக்கிறது. ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா? நான் மட்டும் சொன்னேனா என்று கேட்பாய். மெட்ரோவில் நின்றுகொண்டே வந்தேன். டாலிகஞ்சில் எல்லோரும் இறங்கிய பிறகும் நான் இறங்கவில்லை, அடுத்த ஸ்டேஷன் போய்த் திரும்பி வந்தேன். சண்டை வராமல், டெங்கு வராமல் இருந்திருந்தால், இரண்டு பேரும் அங்கே போய், ஒருவருக்குத் தெரியாமல் ஒருவர் அழுதுகொண்டு இருந்திருப்போமா?

இப்போது ஏஜென்டுக்கு "வரவில்லை" என்று அனுப்பிவிட்டேன். இந்தக் கடிதத்தின் நடுவில்தான். சால்ட் லேக்கில் ஒரு ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் ஆள் கேட்கிறார்கள் என்று மிதாலிதி சொன்னார். திங்கட்கிழமை போய்ப் பார்க்கிறேன். கிடைக்குமா, தெரியாது. ருக்சானா ஏறும் விமானம் நல்லபடி இறங்கியது என்று தெரியும்வரை நான் போனைக் கீழே வைக்கப்போவதில்லை.

உன் பெட்டியை வாங்கிக்கொள்ளவில்லை. அம்மா அதில் உன் புடவைகளை அடுக்கட்டும். ஞாயிறுதோறும் போய் அவரோடு சாப்பிடுகிறேன், இது சத்தியம். இன்னொன்றும் சொல்கிறேன்: பயமாக இருந்தால் இனி பயமாக இருக்கிறது என்றே சொல்வேன். நம் இருவரில் நான் ஒருத்தி மட்டும்தான் இனி அதைச் சொல்ல முடியும்.

இப்படிக்கு,
உன் அம்மா இன்று வாசலில் "சின்னவளே, செருப்பைப் போட்டுட்டுப் போ" என்று கூப்பிட்ட,
உன் தங்கை தேவி