ஒருவரும் விலக்காத பண்டம்

சிவமயம்

வெள்ளவத்தை,
மாசி, 1947.

அன்புள்ள மகன் நாகேந்திரத்துக்கு,

பிள்ளையார் துணையால் இங்கே எல்லோரும் சுகம், நீயும் சுகமாயிருக்க வேண்டுகிறோம் என்றுதான் உன் ஐயா இந்தக் கடிதத்தைத் தொடங்கச் சொன்னார், தொடங்கிவிட்டேன். இனி நடந்ததை எழுதுகிறேன். பயப்படாதே, இப்போது எல்லாம் நேராகி வருகிறது, அதனால்தான் எழுதவே துணிந்தேன். லண்டனில் இந்த முறை குளிர் கடுமை என்று பேப்பரில் கிடந்தது, கம்பளிக் காலுறையைப் பெட்டிக்குள் பத்திரப்படுத்தாமல் காலில் போடு. உங்களுக்கும் அங்கே ரேஷன்தானாம், கிழமைக்கு ஒரு முட்டையாம். எங்களுக்குக் கூப்பன் அரிசியும் கோதுமை மாவும். வெள்ளைக்காரன் நாட்டை விட்டுப் போகப்போகிறான் என்று ஊரெல்லாம் கதை, உன் ஐயா சமையலறையை விட்டுப் போகிற கதையைத்தான் காணவில்லை. மருதானை றெயில்வே கந்தோரில் இருந்து றெயில்களை ஓடவும் நிற்கவும் வைத்த மனிதருக்குப் பென்சன் எடுத்த பிறகு நிற்பாட்ட வேறொன்றும் அகப்படவில்லை, கறிகளை நிற்பாட்டத் தொடங்கினார்.

உன் கௌரி தாயில்லாப் பிள்ளை, தலைப்பிரசவத்துக்குப் போக ஒரு தாய்வீடு இல்லாமல் எங்களோடு இருக்கிறாள், அவளுக்கு ஒரு குறையும் வரக்கூடாது என்று இந்த ஒழுங்கையில் உள்ள வீடெல்லாம் வரிந்துகட்டிக்கொண்டு நின்றது. பார்த்த விதத்தைக் கேள். பப்பாப்பழம் ஆகாது, அன்னாசி ஆகாது, எள்ளுச் சூடு, இவ்வளவும் நானும் சொன்னதுதான். அதற்குமேல் ஐயா பழைய வைத்தியப் புத்தகம் ஒன்றைத் தூசி தட்டி எடுத்துக் கத்தரிக்காய் சொறி சிரங்கு கிளப்பும் கிரந்தி, பருப்பு வாய்வு, கீரை குளிர் என்று ஒவ்வொன்றாகக் கழித்தார். பால்காரன் ஊற்றுவது பாலோ பைப் தண்ணியோ என்ற சந்தேகத்தில், காய்ச்சிக் கொடுக்கலாம் என்று ஒருவருக்கும் தோன்றாமல், பாலும் நின்றது. முன்வீட்டு கிளெமென்ற்றின் பெண்சாதி வந்து இளநீரை நிறுத்தினாள். கோயிலில் முன்பின் தெரியாத ஓர் அம்மாள் கௌரியின் கையில் இருந்த மாம்பழத்தையே வாங்கிக்கொண்டு போய்விட்டாள், தான் தின்றாளோ என்னவோ. இதெல்லாம் போதாதென்று உன் கடிதம் வந்தது, ஏதோ ஆங்கிலப் புத்தகத்தில் படித்தாயென்று தேத்தண்ணி வேண்டாம், உறைப்பு வேண்டாம், ஊறுகாய் வேண்டாம் என்று ஒரு பக்கம் முழுக்க. தகப்பனுக்குத் தப்பாத பிள்ளை. ஐயா அதை விறாந்தையில் நின்று உரத்து வாசித்தார். கடைசியில் அவளுக்கு மிஞ்சியது உப்புக் குறைத்த கஞ்சியும் அவித்த புடலங்காயும். புடலங்காயைப் பற்றி ஒருவருக்கும் அபிப்பிராயம் இருக்கவில்லை.

அந்த நேரத்தில்தான் கௌரிக்குப் பக்தி முற்றியது, அல்லது நாங்கள் அப்படி நினைத்தோம். அடிக்கடி சாமியறைக்குள் போவாள், கதவைச் சாத்திக்கொள்வாள், மாதக்கணக்கில் தீராத திருநீற்றுக் குடுவை ஒரு கிழமையில் வெறுமையாகும். ஐயாவுக்குப் பெருமை தாங்கவில்லை. சைவசபைக் கூட்டத்தில் எழும்பி, கருவிலே திருவுடைய பிள்ளை எங்கள் வீட்டில் வளருகிறது என்று ஒரு பிரசங்கமே செய்தார். சபையாரும் சும்மா இருக்கவில்லை, பிறக்கப்போவது நாயனார் இல்லாவிட்டாலும் ஓதுவாராவது ஆகவேண்டும் என்று தீர்மானித்து, சிதம்பரத்தில் இருந்து வந்த நல்ல திருநீறு ஒரு பை நிறையக் கொடுத்தனுப்பினார்கள். அதுவும் கரைந்தது. ஒருநாள் மத்தியானம் விளக்குத் திரி எடுக்க நான் கதவைத் திறந்தேன். பிள்ளையின் நெற்றியில் மெல்லிய கீற்றுத்தான், உதட்டிலும் நாக்கிலும் வெள்ளைப் பூச்சு. கை குடுவைக்குள். என்னைக் கண்டதும் அழத் தொடங்கிவிட்டாள். மாமி, வாய்க்குப் பிடிச்ச எல்லாத்தையும் ஆகாதெண்டு சொல்லீட்டினம், இதை மட்டும்தான் ஒருத்தரும் ஆகாதெண்டு சொல்லேல்லை என்றாள். எனக்குச் சிரிப்பும் வந்தது, முந்தானையால் அவளுடைய வாயைத் துடைத்துவிட்டேன்.

கொட்டாஞ்சேனையில் இருந்து டொக்டர் வலன்ரைனை அழைப்பித்தோம். அவர் கௌரியின் கண்ணிமையை இழுத்துப் பார்த்தார், திருநீற்றைவிட வெளிறிக் கிடந்தது. ஐயா பக்தியைப் பற்றித் தொடங்க, இது பக்தியில்லை ஐயா, இரத்தம் இல்லாத வருத்தம், இப்பிடியான பிள்ளைத்தாச்சியளுக்கு மண், சாம்பல், பச்சையரிசி எண்டு கண்டதிலயும் ஆசை வரும், இந்த நிலையில பிரசவம் வந்தால் தாயும் தாங்கமாட்டா பிள்ளையும் தாங்காது, பிறகு என்னைக் கூப்பிட்டுப் பிரயோசனமில்லை என்று முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார். இரும்பு மிக்ஸ்சர் எழுதினார். கீரையும் பருப்பும் தாராளமாகக் கொடுக்கச் சொன்னார், பழங்களைக் கழுவி, பாலைப் பொங்கக் காய்ச்சி, முட்டையை நன்றாக அவித்து, அதோடு கிழமைக்கு இரண்டு தரம் ஆட்டு ஈரல் என்றார். தன்னுடைய ஈரலைத்தான் கேட்கிறார் என்பதுபோல் ஐயா வயிற்றைப் பிடித்துக்கொண்டார்.

அன்று முழுக்க அவர் அந்த வைத்தியப் புத்தகத்தைப் புரட்டினார். விடிந்ததும் தீர்ப்புச் சொன்னார். தீட்சை பெறாத பிள்ளைக்குச் சைவ விதி இல்லை, ஈரலைத் தின்னப்போவது வயிற்றுப் பிள்ளை, கௌரி வாயைத் திறந்து வழிவிடுகிறவள் மட்டும், கண்டிக்குப் போற றெயில் மருதானையில நிண்டதுக்காக அது மருதானை றெயில் ஆகுமோ என்று என்னையே கேட்டார். நான் சிரிக்கவில்லை, சிரித்தால் தீர்ப்பு மாறிவிடும். எங்கள் அடுப்பில் ஏற்ற முடியாதே என்று தவித்தபோது பின்வீட்டு நஸீறா, காலி வீதியில் புடைவைக்கடை வைத்திருக்கும் ஹாஷிமின் மனைவி, புள்ளக்கி ரத்தமில்லாம ஈக்கிற நேரம் யார்ட சட்டியெண்டு பாத்துக்கொண்டு ஈக்க ஏலுமா அக்கா, நான் ஆக்கித் தாறேன் என்று சொல்லி, மிளகு போட்டு வதக்கி மதிலுக்கு மேலால் நீட்டினாள். கௌரி பிறந்ததில் இருந்து மச்சம் மாமிசம் தொடாதவள், வாய்க்குக் கிட்டக் கொண்டுபோகவே குமட்டியது, அழுதாள். மணம் படக்கூடாதென்று முன் விறாந்தையில் பேப்பரை உரத்து வாசித்துக்கொண்டிருந்த ஐயாவின் குரல் நின்றது. பாதி வெட்டிய புளித் தேசிக்காயோடு பின்னுக்கு வந்தார், அவள் கையில் கொடுத்தார், இதை மணந்துகொண்டு ஒரு வாய் தின்னம்மா, உனக்கில்லை, உள்ளுக்குள்ள இருக்கிறவருக்கு என்றார். தின்றாள். ஒன்றையும் தொடாத கையைக் கிணற்றடியில் போய்க் கழுவினார், கையோடு கண்ணையும் கழுவியதை நான் பார்த்தேன்.

சபையில் இப்போது மருமகளின் பக்தி எப்படி என்று கேட்கிறார்களாம், அது உள்முகமாப் போயிட்டுது என்று சொல்லிவிட்டு வருகிறார். போன வெள்ளிக்கிழமை நடந்ததைக் கேள், கோயிலால் வந்து, நெற்றி நிறையத் திருநீற்றோடு நேரே மதிலடிக்குப் போய், நஸீறா பிள்ளை, இண்டைக்கு ஒண்டும் வரேல்லையோ என்று கூப்பிட்டார். வெள்ளிக்கெழம எண்டுதான் நான் ஆக்க இல்ல, ஒங்கட சாமி கோவிக்காதா என்று அவள் கேட்டாள். அதை நான் அவரோட கதைக்கிறன், நீ அடுப்பை மூட்டு என்றார். முந்தாநாள் டொக்டர் திரும்ப வந்து இமையைப் பார்த்து, கொஞ்சம் சிவப்புத் தெரியுது, இனிப் பயமில்லை, விட்டுவிடாதேங்கோ என்றார்.

கௌரி உனக்கு இதையெல்லாம் எழுதமாட்டாள், சுகம் என்று எழுதுவாள். நீ அவளுக்குத் தனியாக ஒரு கடிதம் எழுது தம்பி, அதில் சாப்பாட்டைப் பற்றி ஒரு புத்தியும் சொல்லாதே, புத்தி சொல்ல இங்கே ஆளுக்குப் பஞ்சமில்லை. என்ன சாப்பிட ஆசை என்று மட்டும் கேள். இத்தனை பேரில் ஒருவரும் அதைக் கேட்கவில்லை. நேற்று நான் கேட்டேன். நீங்கள் சாப்பிடுறதில கொஞ்சம் தாங்கோ மாமி என்றாள். என்னுடையது கோதுமைப் புட்டும் கத்தரிக்காய்க் குழம்பும், இரண்டு பேரும் ஒரே கோப்பையில் பிசைந்து சாப்பிட்டோம். ஐயா எட்டிப் பார்த்தார், கிரந்தி என்று சொல்ல வாயெடுத்தார், பிறகு இன்னும் கொஞ்சம் குழம்பு கிடக்குதோ என்று கேட்டார்.

நீயும் நேரத்துக்குச் சாப்பிடு, உன் படிப்பும் கௌரியின் பிரசவமும் சுகமாக நிறைவேறப் பிள்ளையார் அருள் செய்வார், நீங்கள் மூவரும் ஒரே கூரையின் கீழ் நெடுங்காலம் வாழவேண்டும். இத்துடன் கோயில் திருநீறு மடித்து வைத்திருக்கிறேன். நெற்றிக்கு மட்டும்.

இப்படிக்கு,
உன் அன்புள்ள அம்மா,
இரத்தினம்மா