அண்ணியை மேடையேற்றிய பிறகு

ஆகஸ்ட் 4, ஞாயிறு

வேலூர் ஓட்டல் மாடியில் இன்று என் ஸ்டாண்ட்-அப். விழுந்து விழுந்து சிரித்தார்கள். எங்கள் ஜவ்வாது மலை ஊரில் சிக்னல் கிடைப்பது ஒரே பாறையில்தான். ஊரே அங்கே நிற்கும்போது, புருஷனை இழந்தவள் காதலனிடம் எப்படிப் பேசுவாள்? “புளி இன்னா வெல?” என்றால் உன் நினைப்புதான் என்று அர்த்தம். “வெல ஏறிடுச்சா?” என்றால் முத்தம்.

தாலி போனவள் சிரிக்கக் கூடாது என்கிற ஊரைத்தான் கிண்டல் செய்தேன். பெயர் சொல்லவில்லை. ‘எங்க அண்ணி’ என்று மட்டும்தான்...

ஆகஸ்ட் 9

நிகழ்ச்சி நடத்தியவர்கள் நெட்டில் போட்ட வீடியோ எங்கள் மலை ஊருக்கும் போய்விட்டது.

ஆகஸ்ட் 10

அம்மா போனில் கத்தினாள். “இன்னாடி பண்ணி வெச்சிருக்க? ஒங்க அண்ணி மஞ்சுளா பாறைப் பக்கம் போனாலே ‘புளி இன்னா வெல’ன்னு கூவறானுங்க. அவ சோறே துன்றதில்ல.”

அண்ணன் இறந்தபின் அண்ணி சிரிக்க ஆரம்பித்ததே இப்போதுதான். என்னிடம் மட்டும் சொன்ன விஷயம் அது. நான் போய் — சீ! வீடியோவை நீக்கச் சொன்னேன், நீக்கிவிட்டார்கள். எல்லார் போனிலும் இருக்கிறதே, இனி நீக்கி என்ன பயன்?

ஆகஸ்ட் 18

ஊருக்குப் போனேன். அண்ணி சாமை புடைத்துக்கொண்டிருந்தாள்.

“ஊரத்தான் கிண்டல் பண்ணேன் அண்ணி. உங்கள இல்ல.”

முறத்தைக் கீழே வைத்தாள். “ஊரு சிரிச்சிட்டு வூட்டுக்குப் போயிடுச்சு. எனக்குத்தான் நோவுது. எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டியா?”

மேடையில் யாராவது குறுக்கே கத்தினால் உடனே பதில் வரும் எனக்கு. கீழே இருந்த முறத்தை இழுத்து, கல் பொறுக்க ஆரம்பித்தேன்.

செப்டம்பர் 2

செங்கத்தில் புளி வியாபாரம் செய்யும் பார்த்திபன், பட்டப்பகலில் பைக்கில் எங்கள் வீட்டுக்கே வந்தாராம். “ஒளிஞ்சி பேச இனிமே இன்னா இருக்குது? அவங்களக் கட்டிக்கிறேன்மா” என்றாராம். அம்மா வெகுநேரம் வெளியே நிற்க வைத்துவிட்டு, பிறகு தண்ணீர் கொடுத்தாளாம்.

அக்டோபர் 20

நிகழ்ச்சி நடத்தும் ராஜேஷ், “பாத்தியா, உன் காமெடிதான் சேத்து வெச்சுது. இதையே க்ளைமாக்ஸா வெச்சுக்கோ” என்றான். முடியாது என்றேன். ஆனால் சொல்வதற்கு முன் மனம் ஒரு நல்ல வரியைத் தேடிவிட்டது. என்ன ஜென்மம் நான்?

நவம்பர் 20

இன்று படவேடு கோயிலில் கல்யாணம். அம்மாவே முன்னால் நின்று தாலி எடுத்துக் கொடுத்தாளாம்.

நான் போகவில்லை. போன வாரமே அண்ணி போனில் கூப்பிட்டுச் சொல்லிவிட்டாள். குரலில் கோபமில்லை. “நீ வராத பூவிழி. நீ பாத்துக்கினு இருந்தா, எனக்கு அழக்கூட பயமா இருக்கும்.”

சரி அண்ணி என்றேன்.

அம்மாவிடம் ஒரு சேலை கொடுத்தனுப்பியிருந்தேன். கட்டினாளா என்று கேட்கவில்லை.