பந்தலுக்கு எட்டாத கை

என் பாசமான அப்பா,

நீங்கள் இல்லாத நம் ஓடைப்பட்டித் தோட்டத்தில் திராட்சை பழுத்துவிட்டது. இந்த முறை அறுப்புக்கு நான் போகவில்லை. தேனி ஆஸ்பத்திரியில் உங்கள் பேத்தி நிலாவின் கட்டிலருகே உட்கார்ந்திருக்கிறேன். குளிக்கக் காய வைத்த வெந்நீர்ப் பானையை இழுத்து மேலே கவிழ்த்துக்கொண்டாள். நெஞ்சும் வலது அக்குளும் வெந்துபோயின. எனக்கு அழுகை வரவில்லையப்பா. எதுவுமே வரவில்லை. யாராவது இட்லி வாங்கித் தந்தால் தின்கிறேன்.

வெந்த தோலைச் சீக்கிரமே வெட்டி எடுத்துவிட்டு, தொடைத் தோலை வைத்து ஒட்ட வேண்டும் என்றார் டாக்டரம்மா. தள்ளிப்போட்டால் சீழ் பிடிக்கலாம், தானாக ஆறினாலும் தழும்பு இழுத்துக்கொள்ளும் என்றார். அம்மாவுக்கு மனசே இல்லை. வெந்த பிள்ளை மேல் கத்தி வைப்பதா என்று முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"பொருக்குக் கட்டித் தானா உதிரட்டும்டி. ஒங்கப்பாவுக்கு ஆறலையா? அவுக என்ன ஆஸ்பத்திரிக்கா போனாக?"

சின்ன வயதில் உங்கள் மேல் கொதிகஞ்சி கொட்டியபோது, அசைத்தால் வலிக்குமே என்று கையை விலாவோடு சேர்த்துத் துணியால் கட்டி வைத்தார்களாம். புண் ஆறியது. கை அப்படியே அக்குளில் ஒட்டிக்கொண்டது. திராட்சைப் பந்தலுக்குக் கீழே எல்லாரும் ஒரு கையில் கொத்தை ஏந்தி மறு கையால் வெட்டுவார்கள். உங்களுக்கு ஏந்தக் கை ஏறாது. பாதிக் கொத்து தரையில் விழுந்து சிதறும். திட்டிக்கொண்டே பொறுக்கியது அம்மாதான். பாசத்தில் கட்டியவர்கள் மேல் யார் கோபப்படுவது?

நான் சத்தம் போடவில்லை.

"ஆறுச்சும்மா. கை ஏறுச்சா?" என்று மட்டும் கேட்டேன்.

அம்மா வாயிலிருந்து முந்தானையை எடுத்தாள். பிறகு அவளே எழுந்துபோய் டாக்டரம்மாவிடம் சொன்னாள்.

"வெட்டியே எடுத்துருங்க தாயி. புள்ளைக்குக் கை மேல போகணும்."

வைத்த தோல் பிடித்துவிட்டது. இப்போது தினமும் நிலாவின் கையைத் தலைக்கு மேல் தூக்கிவிட வேண்டும். வேண்டாம்மா என்று அலறுகிறாள். நான் தூக்குகிறேன். பக்கத்துக் கட்டில்காரர்கள் என்னைக் கல்நெஞ்சுக்காரி என்கிறார்கள். இருக்கலாம். உங்களுக்கு வலிக்குமே என்று இரங்கியதால்தானே அப்பா, அப்படி ஆனது?

அவள் கை காதை உரசிக்கொண்டு மேலே போகும்வரை நான் இரங்க மாட்டேன். இது உங்களுக்கு நான் தரும் வாக்கு. அழுவதை அதற்குப் பிறகு வைத்துக்கொள்கிறேன்.

இரக்கமில்லாத உங்கள் மகள்,
செல்வி